ஒரே கால்வாய், இரண்டு முகத்துவாரங்கள்

பாசில் காக்ரேன் 1806இல் மதராஸிலிருந்து எண்ணூர்க் கழிவரை வெட்டிய கால்வாய் தெற்கு நோக்கி நீண்டதையும், தாது வருஷப் பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஆளுநர் பக்கிங்காமின் பெயரைப் பெற்றதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்தக் கால்வாய் சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழியோடும் தெற்கே முட்டுக்காட்டில் கோவளம் கழியோடும் சேர்கிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். நீரின் இயல்பு இரண்டிலும் ஒன்றுதான். ஏற்றத்தில் கடல் உள்ளே வரும். வற்றத்தில் ஆற்றுநீர் வெளியேறும். கோடையில் மணல் திட்டு வாயை அடைக்கும், மழைவெள்ளம் அதை உடைக்கும். இறாலும் மடவையும் நண்டும் உள்ளே வந்து வளரும். ஆனால் முட்டுக்காட்டில் 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இயங்குகிறது. எண்ணூர்க் கழியின் ஓரத்தில், அத்திப்பட்டில், 1994 முதல் அனல் மின்நிலையம் இயங்குகிறது. ஒரே கால்வாய் தொடும் ஒரு கழி பார்ப்பதற்கானதாகவும் மற்றொரு கழி பார்க்கக்கூடாததாகவும் எப்படி ஆயின? ஒன்று அழகான இடம், மற்றொன்று தொழிலுக்கு ஏற்ற இடம் என்பதே வழக்கமான பதில். அது தவறு என்பதும், இரண்டு கரைகளும் ஒரே காலத்தில் ஒரே நகரத்தின் தேவைகளுக்காக உருவாக்கப்பட்டவை என்பதும் இந்தப் பகுதியின் வாதம். இதைச் சொல்வதற்கான கருவி அமெரிக்காவின் சுற்றுச்சூழல் வரலாற்றாய்வாளர்களிடம் இருக்கிறது. பொழுதுபோக்குப் பூங்காக்களை அவர்கள் படித்த முறை அத்திப்பட்டைப் படிக்க நமக்கு உதவும்.

வில்லியம் குரோனன் 1991இல் வெளியிட்ட ‘நேச்சர்ஸ் மெட்ரோபோலிஸ்’ சிகாகோ நகரத்தின் வரலாறு. நகரத்தை அதன் பின்னால் கிடக்கும் நிலத்திலிருந்து பிரித்து எழுத முடியாது என்பதே அந்த நூலின் அடிப்படை. கோதுமை, மரம், மாட்டிறைச்சி ஆகிய மூன்று சரக்குகள் புல்வெளியிலிருந்தும் காட்டிலிருந்தும் சிகாகோவுக்கு வந்த வழியை அவர் தொடர்ந்து சென்று, நகரத்தின் செல்வமும் வெட்டப்பட்ட காடும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று காட்டினார். நூல் முடிவை நெருங்கும்போது 1893ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கு வந்து சேர்கிறது. மிச்சிகன் ஏரிக்கரையின் சதுப்பு நிலத்தை பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் நீர்நிலைகளாகவும் தீவாகவும் வடிவமைக்க, அதன் மேல் ‘வெள்ளை நகரம்’ எழுந்தது. 264 அடி உயரமுள்ள முதல் பெரிஸ் ராட்டினம் சுழன்றதும் அங்கேதான். இன்றைய தீம் பார்க்குகளின் மூதாதை என்று பலரும் சொல்வது இந்தக் கண்காட்சியைத்தான். வால்ட் டிஸ்னியின் தந்தை எலியாஸ் அதன் கட்டுமானத்தில் தச்சராக வேலை செய்தவர். ஆனால் அன்றைய பார்வையாளர்கள் வெள்ளை நகரத்தைப் பார்த்ததோடு நிற்கவில்லை. கூட்டம் கூட்டமாகப் போய் சிகாகோவின் புகழ்பெற்ற மாட்டுத் தொழுவங்களையும் இறைச்சிக் கூடங்களையும் பார்த்தார்கள். ரத்தமும் நாற்றமும் நிறைந்த உழைப்பிடம்கூட அன்று காட்சிதான். உழைப்பை மறைத்துவிட்டு இன்பத்தை மட்டும் காட்டுவது மனித இயல்பு என்று சொல்பவர்களுக்கு இது போதுமான மறுப்பு. அந்த வழக்கம் பிறகு வந்தது.

பிறகு வந்ததில் மின்சாரத்துக்கும் பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் ஓட்டிய நிறுவனங்கள் மின்சாரத்துக்கு மாதந்தோறும் ஒரே தொகை கட்டின. வார நாட்களில் வண்டி நிறையும். ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடும். அதனால் பாதையின் கடைசி நிறுத்தத்தில் ஏரிக்கரையிலோ தோப்பிலோ தாங்களே பூங்கா அமைத்து, ராட்டினம் நிறுவி, விளக்கு ஏற்றினார்கள். 1903இல் நியூயார்க்கின் கோனித் தீவில் திறந்த லூனா பார்க்குக்கு மின்விளக்குகளே பெரும் கவர்ச்சி. பொழுதுபோக்குப் பூங்கா பிறந்ததே மின்சாரத்தின் விடுமுறை நாள் வேலையாகத்தான். 1955இல் அனஹைமின் ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த 160 ஏக்கரில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது கதை இன்னொரு படி ஏறியது. அங்கே காட்டாற்றுப் படகு, ஓட்டுபவர் திருப்புவது போலத் தெரிந்தாலும், நீருக்கடியில் உள்ள தண்டவாளத்தில்தான் போகும். தண்டவாளம் தெரியாதிருக்க நீருக்குச் சாயம் கலந்தார்கள். 1971இல் புளோரிடாவில் திறந்த டிஸ்னி வேர்ல்டுக்காக வேறு வேறு நிறுவனப் பெயர்களில் ரகசியமாக வாங்கிய நிலம் சுமார் 27,000 ஏக்கர், அதில் பெரும்பகுதி சதுப்பு. நீரை வடிக்கவும் தேக்கவும் சாலை போடவும் தனி அரசு போன்ற ஓர் அமைப்பை 1967இல் மாநிலச் சட்டமன்றமே உருவாக்கிக் கொடுத்தது. ஏரி ஒன்றைத் தோண்டி, அந்த மண்ணால் தரையை உயர்த்தி, பணியாளர்கள் நடமாடும் பாதைகளைத் தரைமட்டத்திலும் பார்வையாளர் உலகத்தை அதற்கு மேலேயும் அமைத்தார்கள். பார்ப்பவர் உலகமும் உழைப்பவர் உலகமும் இரண்டு தளங்களாகப் பிரிந்தன.

இந்தப் பிரிவினையைக் கடலை வைத்து ஆராய்ந்தவர் சூசன் டேவிஸ். பிலடெல்பியாவின் தெரு ஊர்வலங்களைப் பற்றி 1986இல் எழுதிய அவர், சான்டியாகோவில் கற்பித்த காலத்தில் அந்த ஊரின் சீ வேர்ல்ட் பூங்காவை ஆய்வுக்கு எடுத்தார். குரோனன் 1995இல் தொகுத்த ‘அன்காமன் கிரவுண்ட்’ நூலில் அவர் கட்டுரை வந்தது. 1997இல் ‘ஸ்பெக்டாகுலர் நேச்சர்’ முழு நூலாக வந்தது. அங்கே காட்சிக்காக அடைத்து வைத்த திமிங்கிலங்கள் துன்புறுகின்றன என்ற வாதத்தைப் பலர் செய்வார்கள். 2013இல் வந்த ‘பிளாக்பிஷ்’ ஆவணப்படம் அதை உலகறியச் செய்தது; 2016இல் சீ வேர்ல்ட் நிறுவனம் ஓர்க்கா திமிங்கிலங்களை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்தியது. டேவிஸ் கேட்டது வேறு கேள்வி. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இந்தப் பூங்கா எப்படிப்பட்ட கடலைக் கற்றுக்கொடுக்கிறது? அது தூய்மையான கடல், நிறுவனம் அக்கறையோடு பாதுகாக்கும் கடல், கைநீட்டித் தொட்டு மகிழும் கடல். அந்தக் கடலில் பிழைப்பவர்கள் மட்டும் இல்லை. மீன்பிடிப்பவர், துறைமுகத் தொழிலாளி, எண்ணெய்க் கப்பல், சாக்கடை எதுவும் அந்தக் கடலுக்குள் வருவதில்லை. பூங்கா நிற்கும் நிலமே இந்தப் பாடத்தின் முதல் பக்கம். 1964இல் சீ வேர்ல்ட் திறந்த மிஷன் பே, அதற்கு முன் ஏற்ற வற்ற நீர் வந்துபோன சதுப்பு நிலம். நகராட்சி அதைத் தூர்வாரி, தீவுகளாகவும் படகுத்துறைகளாகவும் மாற்றி, நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. 1950களில் அதே இடத்தின் அருகே நகரத்தின் குப்பையையும் தொழிற்சாலைக் கழிவையும் புதைத்த கிடங்கு இருந்தது. ஒரு சதுப்பின் ஒரு பங்கு குப்பைக்கும் ஒரு பங்கு கேளிக்கைக்கும் போனது. இரண்டையும் தீர்மானித்த கை ஒன்றுதான். டேவிஸின் நூலை அத்திப்பட்டின் கண்ணோடு படிக்கும்போது கனமாக வந்து விழும் செய்தி இதுவே.

இப்போது நம் கரைக்கு வருவோம். எண்ணூர் தொடக்கத்திலேயே தொழிலுக்கென விதிக்கப்பட்ட இடமாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் ஓய்வுக்கும் படகு விடுவதற்கும் விரும்பிப் போன கழி அது. அதாவது இன்று முட்டுக்காடு செய்யும் வேலையை அன்று எண்ணூர் செய்தது. விடுதலைக்குப் பிறகு வாகனத் தொழிற்சாலையும், 1960களில் மணலியில் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூர் அனல் மின்நிலையமும் வந்தன. தெற்கில் வேறு விதமான வருகைகள்: 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம், 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, தவணை முறையில் வீட்டுச் சாமான்கள் விற்றுப் பெயர்பெற்ற வி.ஜி. பன்னீர்தாஸ் 1970களில் தொடங்கிய தங்கக் கடற்கரை. ஆனால் பிரிவு உறுதிப்பட்ட காலம் 1990களின் நடுப்பகுதி. அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல் மின்நிலையத்தின் மூன்று 210 மெகாவாட் அலகுகள் 1994க்கும் 1996க்கும் இடையில் ஓடத் தொடங்கின. அதே ஆண்டுகளில் தாம்பரத்துக்கு அருகே நவோதயா அப்பச்சனின் கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்கா திறந்தது; இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னைத் தயாரித்தவர் அவர். முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்ட் வந்தது. 1996இல் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் திறந்தது. மின்வாரியத்தின் நிலக்கரிக்காகத் திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிச் சுங்கச்சாலை ஆனதும் ஏறக்குறைய அப்போதுதான். இந்தத் தேதிகளைத் தனித்தனியாகப் படித்தால் ஒன்று தொழில் வளர்ச்சியின் கதையாகவும் மற்றொன்று சுற்றுலாவின் கதையாகவும் தெரியும். சேர்த்துப் படித்தால், கையில் புதிதாகக் காசு புழங்கிய ஒரு நகரம் தன் கரையை இரண்டாகப் பங்கிட்ட கதை தெரியும்.

அந்தப் பங்கீட்டில் அத்திப்பட்டுக்குக் கிடைத்தது என்ன? ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் நிலக்கரி வருகிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பல். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோ அளவில் நிலக்கரி எரித்தால் கால் கிலோ சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, எண்ணூர்க் கழியில் சேரும் கொசஸ்தலையாற்றைக் கடந்து போகும் குழாய்கள் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்து, உடைந்து, ஆற்றின் படுகையிலும் உப்பளங்களிலும் சாம்பல் படிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த வல்லுநர் குழு 2017இல் இதைப் பதிவு செய்தது. இயந்திரங்களைக் குளிரவைத்த சுடுதண்ணீர் கழியில் வந்து விழுகிறது. ஆழம் குறைந்த ஆற்றில் படகு தட்டுகிறது. சூடான நீரில் இறால் குஞ்சு தங்குவதில்லை. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், எண்ணூர்க்குப்பம் மீனவர்களும், நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் இந்த மாற்றத்தை உடம்பால் அறிந்தவர்கள். 630 மெகாவாட்டோடு தொடங்கிய இடத்தில் பின்னர் 1,200 மெகாவாட்டின் இரண்டாம் கட்டமும், பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் சேர்ந்தன. கும்மிடிப்பூண்டி ரயில்பாதையில் அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர் என்று இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இறங்குபவர் வேலைக்காக இறங்குகிறார், அல்லது அங்கே வீடு இருப்பதால் இறங்குகிறார். வேடிக்கை பார்க்க யாரும் இறங்குவதில்லை.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் கணக்கு சார்ந்தது. ஒரு பூங்காவின் அலைக்குளத்துக்கும் ராட்டினத்துக்கும் தேவையான மின்சாரம் மாநிலத்தின் பயன்பாட்டில் தூசியளவுகூட இல்லை. மின்தொகுப்பில் கலந்த பிறகு எந்த யூனிட் எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கேளிக்கைப் பூங்காவையும் சாம்பல் குளத்தையும் முடிச்சுப் போடுவது மிகை என்பார்கள். கணக்கு சரி. அத்திப்பட்டின் சுமைக்குக் காரணம் ராட்டினங்கள் என்று நானும் சொல்லவில்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் ஆலையும் அலுவலகமும்தான் பெரும் நுகர்வோர். பூங்காவின் முக்கியத்துவம் அது எரிக்கும் மின்சாரத்தில் இல்லை, அது பழக்கும் பார்வையில் இருக்கிறது. நீர் என்றால் நீலமாக, அளவான அலையோடு, பணம் கொடுத்து இறங்கும் இடமாக இருக்கும் என்று ஒரு தலைமுறைக்கு அது பழக்கியது. அப்படிப் பழகிய கண்ணுக்குக் கலங்கிய, சேறுமிக்க, உழைப்பு நடக்கும் கழி நீராகவே தோன்றாது. வெற்று நிலமாகத் தோன்றும். வெற்று நிலமாகத் தோன்றும் இடத்தில் சாம்பல் கொட்ட ஆட்சேபம் எழாது. மின்தொகுப்பு எந்த யூனிட்டின் ஊரையும் மறைத்துவிடும் என்பது என் வாதத்தை மறுக்கும் சான்று ஆகாது. டிஸ்னி வேர்ல்டின் கீழ்த்தளம் செய்யும் வேலையைத்தான் மின்கம்பியும் செய்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மக்கள் மகிழ்வதில் என்ன குற்றம்? பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் பாடிக்கொண்டு போய் ஒருநாள் தண்ணீரில் குதித்து வருவதைப் பண்பாட்டு விமர்சகர்கள் குறைசொல்வது வசதியுள்ளவர்களின் முகச்சுளிப்பு ஆகாதா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் குடும்பமும்தானே தீபாவளிப் பணத்தில் கிஷ்கிந்தா போனது? இந்த ஆட்சேபத்தின் பாதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மகிழ்ச்சி தேவை, அதுவும் வடசென்னைக்கு மிகவும் தேவை. டேவிஸும் பூங்காவுக்குப் போகிறவர்களை ஏமாளிகளாக எழுதவில்லை. அங்கே வரும் கூட்டம் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கம் என்பதையும், கட்டணமே ஒரு வேலியாக நிற்பதையும் அவர் கவனித்தார். நம் ஊரிலும் அந்த வேலி உயர்ந்துகொண்டே போகிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த ஒண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குள் ஒருவர் நுழைய ஆயிரம் ரூபாய்க்கு மேல் வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஒப்பந்தத் தொழிலாளியின் பல நாள் கூலி. இன்னொன்றும் உண்டு. எண்ணூர்க் குழந்தைகளுக்குக் கழியே விளையாட்டிடமாக இருந்தது. நீந்தவும் நண்டு பிடிக்கவும் நுழைவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை. இலவசமாக இருந்த நீரைக் கெடுத்துவிட்டு, 60 கிலோமீட்டருக்கு அப்பால் கட்டணத்தோடு நீரைத் தருவதை மகிழ்ச்சியின் பெருக்கம் என்று எப்படி எழுதுவது? தெற்கு மீனவர்கள் இந்தப் பங்கீட்டில் வென்றதாகவும் நினைக்க வேண்டாம். கானாத்தூரிலும் பனையூரிலும் விடுதிகளும் கடற்கரை வீடுகளும் வரவர, வலை காயப்போடவும் படகை ஏற்றவும் மணல் குறைந்தது. கேளிக்கைக் கரையும் உழைப்பவரை விலக்கியே கேளிக்கைக் கரை ஆகிறது.

நிலக்கரிக் கப்பல் நிற்க ஆழ்கடல் வேண்டும், குளிரூட்டக் கடல்நீர் வேண்டும், மின்நிலையத்தை வேறெங்கே வைப்பது என்பது பொறியாளர்களின் ஆட்சேபம். கடலோரம் தேவை என்பது உண்மைதான். 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் நீர்முகம் அவசியமான தொழில்களுக்கு இடம் தந்தது. ஆனால் கடலோரம் தேவை என்பதிலிருந்து கழிக்குள் சாம்பல் போகலாம் என்பது எப்படிப் பிறக்கும்? சாம்பலை உலர்ந்த நிலையில் சேகரித்து சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் தரலாம். சுடுதண்ணீரைக் கோபுரத்தில் ஆறவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். கசியும் குழாயை மாற்றலாம். இவை எதுவும் தொழில்நுட்பம் அறியாத கனவுகள் இல்லை, செலவு பிடிக்கும் வேலைகள். அந்தச் செலவைச் செய்யாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் அந்த இடத்தைப் பார்க்க யாரும் வராததே. புளோரிடாவில்கூட, டிஸ்னி தன் விரிவாக்கத்துக்காகச் சதுப்பை அழித்ததற்கு ஈடாக 1990களின் தொடக்கத்தில் 8,500 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கி இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அது முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே சதுப்புக்கு ஒரு விலையாவது இருந்தது.

எண்ணூரை நகரம் பார்த்த தருணங்கள் உண்டு. அவை பேரிடரின் தருணங்கள். 2017 ஜனவரி 28இல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிக்குள் வந்தபோதும் தொலைக்காட்சி வந்தது, எண்ணெய் படிந்த பறவையைக் காட்டியது, திரும்பிப் போனது. இதற்கு மாறான பார்வை ஒன்றும் 2017 ஜனவரியில் வந்தது: கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. சபாவின் மேடையிலிருந்து கர்நாடக இசையை எண்ணூரின் சாம்பல் மேட்டுக்குக் கொண்டுவந்த அந்தக் காணொளி, சிகாகோவின் பார்வையாளர் இறைச்சிக் கூடத்துக்குப் போனதைப் போல, மின்சாரத்தின் கொல்லைப்புறத்தை நகரத்தின் கண்முன் நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019இல், ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. நிறுவனத்தின் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் திறந்தது. கண்ணாடிச் சுரங்கத்தில் நடந்தால் மீன்கள் தலைக்கு மேலே நீந்தும். அதைப் பார்த்து வியக்கும் குழந்தையின் ஆர்வம் மதிக்கத்தக்கது. அந்த ஆர்வத்தைக் கொசஸ்தலையாற்றின் மடவைவரை நீட்டுவதற்கு நம் பள்ளிகளோ அரசோ என்ன செய்தன என்பதுதான் என் கவலை.

எண்ணூர்க் கழியைத் தூர்வாரி, அலையாத்தி நட்டு, நடைபாதையும் படகும் விட்டுச் சுற்றுலாத் தலமாக்கினால் அது பிழைத்துவிடும் என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். தூர்வாருவதும் அலையாத்தி நடுவதும் வேண்டியவையே. ஆனால் சுற்றுலாவை முதன்மை நோக்கமாக வைத்தால் நாம் போய்ச் சேரும் இடம் மிஷன் பே. அங்கே சதுப்பு அழகாயிற்று. சதுப்பில் பிழைத்தது எதுவும் திரும்பவில்லை. எண்ணூரில் மீட்பைக் கரையில் நிற்பவரின் கண்ணால் அளக்காமல், நீரில் நிற்பவரின் கையால் அளக்க வேண்டும்: காட்டுக்குப்பத்துப் படகு வற்றத்திலும் தரை தட்டாமல் போகிறதா, மார்கழியில் இறால் எவ்வளவு படுகிறது, இருளர் பெண்கள் எத்தனை மாதம் ஆற்றில் இறங்க முடிகிறது. இந்த அளவுகளை ஆண்டுதோறும் எடுத்து வெளியிடும் பொறுப்பு மின்நிலையங்களுக்கும் துறைமுகத்துக்கும் விதிக்கப்பட வேண்டும். அடுத்த பகுதியில் எண்ணூருக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவே நீளும் காட்டுப்பள்ளி மணல் திட்டையும், அதன் மறுபக்கத்தில் பழவேற்காடு ஏரியில் பாடு முறையில் நீரைப் பங்கிட்டுக்கொண்ட மீனவ ஊர்களையும் பார்ப்போம்.